மூன்றாம் பட்டை

பாடு, உல்வார். நிறுத்தாதே.
மண்டபமே உன் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது.
ஹோல்ம்கெய்ரின் கப்பலுக்கு நாற்பது துடுப்பு என்கிறாய்;
முப்பத்திரண்டு. போகட்டும்.
முகப்புப் பாம்புத்தலைக்குப் பொன்முலாம் என்கிறாய்;
மஞ்சள் காவி. அரைத்தவள் அதோ மீன் ஆய்கிறாள்.
காற்று அவனுக்குப் பாய் தந்தது என்றாயே,
அங்கேதான் என் கை
மதுக்குடத்தோடு ஒரு கணம் நின்றுவிட்டது.

காற்று தராது, உல்வார்.
காற்றுக்கு ஆட்டைப் பிடிக்கத் தெரியாது.
கோடை தொடங்கும்போது தானாய் உதிரும் மயிரை
முழங்காலால் ஆட்டை அமுக்கிக்கொண்டு
பிடுங்கிப் பிடுங்கி
நீள மயிர் ஒரு கூடை, குட்டை மயிர் ஒரு கூடை.
இருநூறு ஆடு.
அப்புறம் நூற்பு. நடக்கும்போது நூற்பு,
பால் காயக் காத்திருக்கும்போது நூற்பு,
ஒருத்தியோடு ஒருத்தி சண்டை போடும்போதும்
தக்ளி சுழன்றபடிதான் இருக்கும்.
நான்கு குளிர்காலம், ஏழு பெண்கள், ஒன்பது பட்டை.
தறிக்கு அடியில் தொங்கும் கல்குண்டுகள்
ஒன்றோடொன்று இடிக்கும் சத்தம்
இன்னும் தூக்கத்தில் கேட்கிறது,
யாருக்கோ பல் நடுங்குவது மாதிரி.

மூரின் என்றொருத்தி. மேற்குத் தீவிலிருந்து
கயிறு கட்டிக் கொண்டுவந்தார்கள்.
ஆட்டுக் கொழுப்பும் மீனெண்ணெயும் தாரும் காய்ச்சிப்
பாய்க்குத் தேய்த்தவள் அவள்.
முழங்கைவரை ஏறிய கறுப்பு
அவளை விட்டுப் போகவே இல்லை.
தேய்க்கும்போது தன் பாஷையில் ஏதோ முணுமுணுப்பாள்.
ஜெபமா, வசவா,
கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.
எனக்கும்தான்.

மூன்றாம் பட்டைக்கு வருகிறேன்.

அதை நெய்த மாதம் தோர்னிக்குக் காய்ச்சல்.
இரண்டு வயது. தெரிந்தது நாலே சொல்,
அதில் ஒன்று ஆடு.
காலால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே
கையால் ஊடை அடித்தேன்.
வாள்போல் ஒரு திமிங்கில எலும்பு;
ஓங்கி அடித்தால்தான் இழை இறுகும்.
ஓங்கினால் குழந்தை விழித்துக்கொள்வாள்.
மெதுவாக அடித்தேன்.
ஐந்து இரவு.
ஆறாம் இரவு ஓங்கி அடித்தேன்.
விழிக்க யாருமில்லை.

நாலு முழம் தளர்ந்த நெசவு.
கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும்.
பிரித்து மறுபடி நெய்திருக்கலாம்.
பனி உருகத் தொடங்கியிருந்தது.
ஹோல்ம்கெய்ர் வாசலை மறித்து நின்று
இன்னுமா, இன்னுமா என்றான்.
மூரின் அந்த இடத்தில் விரல் வைத்தாள்.
என்னைப் பார்த்தாள்.
கொழுப்புச் சட்டியை நகர்த்திக்கொண்டு
அடுத்த பட்டைக்குப் போய்விட்டாள்.
நான் வாய் திறக்கவில்லை.

இதோ, நீயும் அந்த இடத்துக்கு வந்துவிட்டாய்:
கடலடியிலிருந்து எழுந்தாள் சூனியக்காரி,
பச்சைக் கூந்தல், ஒன்பது முழ நகம்,
பாயைக் கிழித்தாள், வீரனை விழுங்கினாள்.
மேசைகள் அதிர்கின்றன.
இத்தனை நீளப் பாட்டில்
பெண் என்று வருவது அவள் ஒருத்திதான்.

என் நகத்தைப் பார், உல்வார்.
ஒட்ட வெட்டியிருக்கிறேன்; வளர்ந்தால் இழையில் மாட்டும்.
கூந்தலும் பச்சையில்லை.

கரை ஒதுங்கிய பாயை நான்தான் இழுத்துவந்தேன்.
பாதி, படகுச் சந்துகளில் அடைக்கப் போயிற்று.
கொஞ்சம், மூரினின் மகனுக்குப் போர்வை
(அவன் மூக்கு யாருடையது என்று உன் பாட்டில் வராது).
அந்த நாலு முழத்தை மட்டும்
கிழிந்த ஓரத்தோடு வெட்டி
மாவுப்பெட்டிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.
ஈரக்காற்று அடித்தால் தார் வாடை வரும்.
அதற்கும் அடியில் இன்னொரு வாடை,
காய்ச்சல்காரக் குழந்தையின் தலையில் வருமே, அது.

குவளையை நீட்டு. ஊற்றுகிறேன்.
அடுத்த முறை பாடும்போது
அந்த நகத்தை
இன்னும் கொஞ்சம் நீளமாக்கு.